அஞ்சாம் மாடியிலேர்ந்து மூணு தட்டு

ஏய் ஐவெட்… அந்தக் கொறட்டைக் கீழே வை. வைன்னு சொன்னா வைக்கணும். இறுகிப்போன வால்வுகிட்ட இந்த நேரத்துல உனக்கு என்ன மல்லுக்கட்டு?

"இல்ல மோஞ்சோ மாமா, நான் என்ன பண்ணப் போறேன்னா…"

ஒண்ணும் பண்ண வேணாம். வந்து உட்காரு. ரூமைச் சூடாக்குற ரேடியேட்டர்தானே, கொதிச்சா கொதிச்சுட்டுப் போவட்டும். எனக்கும்தான் வேர்த்து ஊத்துது. பனியனோட உட்கார்ந்திருக்கேன், வாயைத் தொறந்து ஏதாவது சொன்னேனா? ஒரு வாரமாவே இந்த வேர்வை. டாக்டர் பிரஷர்ங்கிறான், அவன் கிடக்கான். நீங்க என்னடான்னா ஒரே கம்பளிக்குள்ள மூணு பேரா முடங்கிக்கிட்டு… இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு உடம்புல ரத்தமே கிடையாது. கீகே, அந்த டொமினோவை ஓரமாத் தள்ளு. ஜன்னலை ஒரு சாண் தொற. வேணாமா? சரி, விடு.

பேய்க் கதை கேட்டீங்கல்ல… சொல்றேன். என் சிநேகிதன் எட்வினோட அக்கா புருஷனுக்கு நடந்தது. எட்வினும் நானும் பதினெட்டு வருஷம் ஒரே எண்ணெய் லாரியில ஓடுனவங்க. அவன் பொய் சொல்ல மாட்டான். நான் சொல்லுவேன். நடுவுல யாரும் எழுந்திரிக்கக் கூடாது.

விடிகாலை மணி நாலேகால். ஜனவரி மாசம். இதே பிராங்க்ஸ்தான், ரயில் பாலத்துக்கு அடியில போற ரோடு. ஆள் இல்ல, நாய் இல்ல… ஒரு குப்பைத்தொட்டி மூடி மட்டும் காத்துல தடக்கு தடக்குன்னு அடிச்சுக்கிட்டிருக்கு. முந்தாநாள் கொட்டுன பனி கல்லா உறைஞ்சு கிடக்கு. அங்க ஒரு அஞ்சு மாடிக் கட்டடம். டேங்க் காலியாகி பாய்லர் அணைஞ்சு போச்சு, உடனே எண்ணெய் வேணும்னு அவசரமா போன். அந்தக் கட்டடத்துல பாய்லர், குழாய், குப்பை எல்லாத்தையும் பார்த்துக்கிற சூப்பர்வைசர்தான் எட்வினோட அத்தான். எரிபெர்தோன்னு பேரு. பெர்தோன்னு கூப்பிடுவோம். பேஸ்மென்ட்ல பாய்லர் ரூமை ஒட்டியே அவன் வீடு.

எட்வின் டேங்க் அளவைப் பார்க்க உள்ளே போயிட்டான். நான் வெளியே நடைபாதையில மண்டி போட்டு, தரையில இருக்கிற குழாய் வாயில ஹோஸை மாட்டிக்கிட்டிருந்தேன்.

உள்ளே எட்வினுக்குக் கேட்டிருக்கு…

டங். டங். டங்.

மேலே போற குழாய்ல. மூணு தட்டு. கொஞ்ச நேரம் சும்மா… மறுபடி மூணு.

இது நமக்குப் புதுசா? பாய்லரை மூட்டுனா ஸ்டீம் ஏறும், ஸ்டீம் ஏறுனா குழாய் டங்கு டங்குன்னு அடிச்சுக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே "அப்பாடா, சூடு வருது"ன்னு கம்பளியை இழுத்து விட்டுக்கிட்டு இன்னொரு தூக்கம் போடுவோம். அந்தக் கட்டடத்துல அத்தனை பேரும் அன்னிக்கு அப்படித்தான் புரண்டு படுத்திருக்காங்க. ஆனா எட்வின் பாய்லர் முன்னாடி நிக்கிறான். பாய்லர் செத்துக் கிடக்கு. ஸ்டீமே இல்லாம குழாய் எப்படிய்யா அடிக்கும்?

"என்ன அத்தான் சத்தம் அது?"ன்னு கேட்டிருக்கான்.

"அஞ்சாவது மாடிக் கிழவிடா மச்சான். கரண்டியால தட்டுறா. மகாராணிக்குக் குளிருதாம்."

சொல்லிட்டு பெர்தோ என்ன பண்ணான்? கீழே கிடந்த பைப் ரெஞ்சை எடுத்து அந்தக் குழாய் மேல ஓங்கி ஒரே போடு. டணார்!

மேலே தட்டுறது நின்னு போச்சு.

"பார்த்தியா? கொடுக்க வேண்டியதைக் கொடுத்தா அடங்கிடுவா"ன்னு சிரிச்சானாம். நாங்க எண்ணெய் ஊத்தினோம். அரை மணியில பாய்லர் பத்திக்கிச்சு. கட்டடம் பூரா சூடு… அந்த ஒரு வீட்டைத் தவிர.

"ஏன் மாமா, அந்த வீட்டுக்கு மட்டும் வரலை?"

வரேன்டா கீகே, அவசரப்படாதே. அது ப்ரோவியம்மா வீடு. எழுபத்தொம்பது வயசு, ஒண்டிக்கட்டை, வாக்கர் பிடிச்சு நடந்தவங்க. வாய் கொஞ்சம் நீளம், அது உண்மைதான். காலையில சூடு வரலைன்னு ஒரு நாள் நகராட்சிக்குப் போன் போட்டுட்டாங்க. ஆள் வந்து பார்த்து எழுதிட்டுப் போனான். கட்டடக்காரன் பெர்தோவை நாலு பேர் முன்னாடி நிக்க வச்சு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டான். அன்னிக்கு சாயங்காலமே பெர்தோ ரெஞ்சும் கையுமா மாடி ஏறினான். "ரேடியேட்டர் வேணும்னுதானே புகார் பண்ணே? இரு, சரி பண்ணித் தரேன்"னு உள்ளே போயி, வால்வை இறுக்கி அடைச்சுட்டான். பழைய வால்வு. ரெஞ்சுல வீரத்தைக் காட்டவும் அடைஞ்ச இடத்துலேயே சிக்கிக்கிச்சு, மேலே இருந்த கறுப்புக் கைப்பிடி கழண்டு கையோட வந்துடுச்சு. அதை ஜோப்புல போட்டுக்கிட்டு, "சாமான் வாங்கணும், நாளைக்கு வரேன்"னு இறங்கிட்டான்.

மறுநாள் போகலை. அதுக்கு மறுநாளும் போகலை. ரெண்டு நாள் பட்டாத்தான் புத்தி வரும்னு விட்டுட்டான், படுபாவி. சாகணும்னு நினைச்சிருக்க மாட்டான்… நினைக்கலைன்னா செத்தவங்க எழுந்து வந்துடுவாங்களா?

நாங்க எண்ணெய் ஊத்துன அன்னிக்கு மத்தியானம் போலீஸ் கதவை உடைச்சாங்க. ஜன்னலுக்கு உள்பக்கம் பனி படிஞ்சிருக்கு. அதுக்கு மேல மொட்டை மாடிதான், அதனால கீழேயிருந்து வர்ற குழாய் அங்கேயே முடிஞ்சு, தரைக்கு மேல நாலு விரல்தான் தலை காட்டும். ரெண்டு கோட்டைப் போட்டுக்கிட்டு, அந்த நாலு விரல் குழாயைச் சுத்திச் சுருண்டு கிடந்தாங்க ப்ரோவியம்மா. கையில சூப் கரண்டி. அதுல குழியே இல்ல. தட்டித் தட்டித் தட்டையாப் போயிருந்துச்சு.

"வால்வை யார் அடைச்சது?"ன்னு போலீஸ் கேட்டாங்க. பெர்தோ கண்ணை இமைக்காம சொன்னான்: "அந்தம்மாவேதான் சார். வயசானவங்க… குழாய்ச் சத்தம் தாங்காம தானே அடைச்சுட்டு மறந்துடுவாங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

அப்படியே எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில, சாவிக்கொத்து பக்கத்துல, எட்வின் அந்தக் கறுப்புக் கைப்பிடியைப் பார்த்தான். பார்த்துட்டு அக்கா முகத்தையும் பார்த்தான். வாயை மூடிக்கிட்டான். என்கிட்டயும் போலீஸ் கேட்டாங்க. எண்ணெய் இறங்குறப்ப டேங்க்லேர்ந்து காத்து வெளியே வரும்ல, அந்தக் குழாய் விசில் அடிக்கும். "அந்த விசில்ல எனக்கு ஒண்ணும் கேக்கலை சார்"னேன். அது கிடக்கட்டும்.

ப்ரோவியம்மாவுக்கு ஒரே மகன், ஒத்திலியோ. போர்ட்டோ ரிக்கோ தீவுலேர்ந்து ஓடி வந்தான். சவப்பெட்டி பக்கத்துல பெர்தோ கையைப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணே, எங்கம்மா அந்த வால்வைத் தொடவே பயப்படுவாங்க. அவங்களா அடைச்சாங்க? நிஜத்தைச் சொல்லிடுங்க, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்"னு கேட்டான். பெத்த தாயை நினைச்சு ஒருத்தன் அப்படிக் கேட்டா கல்லும் கரையும். பெர்தோ பெட்டி மேல கையை வச்சான். "உங்கம்மா மேல சத்தியம். நான் அடைச்சிருந்தா எனக்கும் இதே சாவு வரட்டும்."

கையை எடுத்ததும் உதறிக்கிட்டான். உள்ளங்கை சுட்டுடுச்சாம். எட்வின் பார்த்தான்.

இப்ப செத்தவங்களுக்காக ஒன்பது ராத்திரி ஜெபம் நடத்தணும். அம்மா வீட்டுல நடத்தலாம்னா அங்க ரேடியேட்டர் சிக்கிக் கிடக்கு, வீடு ஐஸ்பெட்டி. பெர்தோ பெண்டாட்டி அவில்டா தங்கமான பொம்பளை. அவளுக்கு அப்ப ஒண்ணுமே தெரியாது. "எங்க வீட்டுல வைங்க ஒத்திலியோ. பாய்லர் பக்கத்துலேயே இருக்கு, கட்டடத்துலேயே கதகதப்பான வீடு"ன்னு கூப்பிட்டுட்டா. பெர்தோ எந்த முகத்தோட வேணாங்கிறது? அவன் வீட்டு ரேடியேட்டர் மேல வெள்ளைத் துணி விரிச்சு, ப்ரோவியம்மா படத்தை வச்சு, மெழுகுவர்த்தி கொளுத்தி, ஒரு டம்ளர் தண்ணியும் வச்சாங்க.

முதல் ராத்திரி. எல்லாரும் கோட்டோட உட்கார்ந்து ஜெபம் சொல்றாங்க. பெர்தோ மட்டும் நெளியுறான். "யாருடி சூட்டை ஏத்தி விட்டது?"ன்னு அவில்டாகிட்ட கிசுகிசுக்குறான். ஸ்வெட்டரைக் கழட்டுறான்.

மூணாம் ராத்திரி. எல்லாரும் போனப்புறம் ரேடியேட்டரை அடைக்கலாம்னு குனிஞ்சான். சிவப்புக் கைப்பிடி, முந்தின வாரம்தான் அவனே எண்ணெய் போட்டு விட்டது… அசையலை. ரெண்டு கையாலயும் திருகினான். ரெஞ்சு போட்டான். ஒரு குழாயை ரெஞ்சு பிடியில சொருகி, முழு உடம்பையும் போட்டு அழுத்தினான். ஊஹூம். ஸ்ஸ்ஸ்ஸ்னு அது சீறிக்கிட்டே இருக்கு, துரு வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் மூக்கைத் துளைக்குது. "இந்தா, நீ தொட்டுப் பாருடி, தோல் உரியுது!"ன்னு கத்துறான். அவில்டா தொட்டா. சில்லுன்னு இருந்துச்சு. படத்துக்கு முன்னாடி இருந்த டம்ளர்ல, தண்ணி மேல கண்ணாடிச் சில்லு மாதிரி ஐஸ் மிதக்குது.

அப்புறம் தட்டு. ராத்திரி தவறாம… டங். டங். டங். மேலேயிருந்து இல்ல. அந்த ரேடியேட்டருக்கு உள்ளேயிருந்து.

ஏழாம் ராத்திரி அவன் ரெஞ்சை எடுத்து ரேடியேட்டரை அடிக்கிறான். "நிறுத்துடி! ஒரு தடவை அடிச்சா அடங்குனேல்ல, இப்ப அடங்கு!"ன்னு அலறுறான். அவில்டாவுக்கு அப்பத்தான் விளங்குச்சு. கையைக் காலைப் பிடிச்சு விஷயத்தை அவன் வாயாலேயே வரவழைச்சுட்டா.

"நாளன்னிக்கு ஜெபம் முடியுது. மறுநாள் ஒத்திலியோ ஊருக்குப் போறான். அதுக்குள்ள அவன்கிட்ட உண்மையைச் சொல்லிடு. உசிரோட இருக்கணும்னா சொல்லிடுய்யா."

"சொன்னா ஜெயில்ல களி திங்கணும். நீயா வந்து திம்பே?"

"சொல்லலைன்னா இந்த வீட்டுல நான் படுக்க மாட்டேன்."

"போடி. செத்தவ என்னத்தைக் கிழிச்சிடுவா?"

ஒன்பதாம் ராத்திரி கடைசி ஜெபம். ஒத்திலியோ கிளம்புறப்ப கதவுகிட்ட நின்னு மறுபடி கேட்டான். "அண்ணே… அவங்களேதானா?" பெர்தோ முகம் எல்லாம் வேர்வை. "அவங்களேதான்"னான். அவ்வளவுதான், அவில்டா பையைத் தூக்கிக்கிட்டு எட்வின் வீட்டுக்கு வந்துட்டா. அன்னிக்கு வெளியே எச்சில் துப்புனா தரையில விழறதுக்குள்ள உறையுற குளிர்.

மீதி எல்லாம் அங்கங்க கேட்டுச் சேர்த்தது. எதிர்க் கட்டடத்துக்காரி பத்து மணிக்குப் பார்த்திருக்கா, பேஸ்மென்ட் ஜன்னல் ரெண்டும் ஆன்னு தொறந்து கிடக்கு. ஜனவரியில ஜன்னல் தொறந்திருந்தா நாம என்ன நினைப்போம்? ரேடியேட்டர் சூடு தாங்கலைன்னுதானே நினைப்போம். "கொடுத்து வச்சவன், பாய்லர் மடியிலேயே குடியிருக்கான்"னு வயித்தெரிச்சல்பட்டுக்கிட்டு அவ திரையை இழுத்துட்டா. ராத்திரி பூரா கீழேயிருந்து குழாய்ல தட்டு கேட்டிருக்கு, மாடியில எல்லாருக்கும். எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? "அப்பாடா… சூடு வருது."

காலையில நாலேகால். எங்க லாரிக்கு அந்தக் கட்டடம் முறை. எட்வின் உள்ளே இறங்குனான். டங். டங். டங்… குழாய் அடிக்குது. பாய்லர் ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டு கையை வச்சான். ஜில்லுன்னு இருக்கு. சுவர்ல பாய்லரோட சிவப்பு ஸ்விட்சை யாரோ அணைச்சு வச்சிருக்காங்க. தட்டு நின்னு போச்சு. எட்வின் ஓடிப் போயி அத்தான் வீட்டுக் கதவைத் தள்ளினான்.

சட்டை இல்லாம, பனியன் கூட இல்லாம தரையில கிடந்தான் பெர்தோ. ரேடியேட்டரோட குழாயைச் சுத்திச் சுருண்டு கிடந்தான். புருவத்துல பனி. ஜன்னல் வழியா விழுந்த பனி முதுகுல படிஞ்சு, உருகாம அப்படியே கிடக்கு. டாக்டர் வந்து பார்த்துட்டு, ராத்திரி பன்னெண்டு மணிக்கு முன்னாடியே உசிர் போயிடுச்சுன்னுட்டார். அப்ப நாலேகாலுக்குத் தட்டுனது யாரு? கேக்காதீங்க, எனக்குத் தெரியாது.

போலீஸ் வால்வைப் பார்த்தாங்க. முழுசா அடைச்சு, இறுகிப்போயி இருக்கு. "தானே அடைச்சிருக்கார்"னு எழுதிக்கிட்டாங்க. அதே வார்த்தை. ஆனா எட்வின் ஒண்ணைப் பார்த்தான். பெர்தோ வீட்டு வால்வுக்குக் கைப்பிடி சிவப்பு. அன்னிக்கு அதுல மாட்டியிருந்தது கறுப்பு.

எட்வினுக்கு அதுக்கு மேல தாங்கலை. நேரா ஏர்போர்ட்டுக்கு ஓடினான். ஒத்திலியோவைப் பிடிச்சு, ரெஞ்சால அடிச்சதுலேர்ந்து கைப்பிடி வரைக்கும் எல்லாத்தையும் கொட்டிட்டான். அடிப்பான்னு நினைச்சோம். அவன் அடிக்கலை, எட்வினைக் கட்டிக்கிட்டு அழுதான். "எங்கம்மா தானா அடைக்கலை… அது போதும்"னான். அன்னிலேர்ந்து எட்வின் நிம்மதியாத் தூங்குறான். இப்ப தீவுல போயி மாமரத்தடியில காலை நீட்டி உட்கார்ந்திருக்கான், கொழுத்துப் போயி.

அப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். ஒத்திலியோ என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க வெளியே இருந்தீங்களே… உங்களுக்குக் கேட்டுச்சா?"ன்னான். "இல்லப்பா, விசில் சத்தம்"னேன்.

"நிஜமாவே கேக்கலையா மாமா?"

…ஏன்டா கீகே இதைப் போயி கேக்குறே?

எண்ணெய் இறங்க ஆரம்பிச்சாத்தான்டா விசில் அடிக்கும். தட்டு அதுக்கு முன்னாடி. பேஸ்மென்ட் ஜன்னல் என் முழங்கால்கிட்ட. கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. சூப்பர்வைசரைக் கூப்பிடுற தட்டுன்னும் தெரிஞ்சுது. விரல் விறைச்சுப்போயிருந்துச்சு, சீக்கிரம் லாரியில ஏறி ஹீட்டரைப் போட்டுக்கிட்டு சூடா ஒரு வாய் காப்பி குடிக்கணும்னு இருந்துச்சு. அஞ்சு மாடி ஏறியிருந்தா… அஞ்சே மாடி. முப்பத்தொரு வருஷம் ஒத்திலியோகிட்ட சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். அடுத்த தடவை தீவுக்குப் போறப்பன்னு தள்ளிப் போட்டுட்டேன். போன வாரம் எட்வின் போன் பண்ணான், ஒத்திலியோ செத்துட்டானாம். இனிமே யார்கிட்ட போயி சொல்றது? அவனுக்கு இன்னியோட ஒன்பது ராத்திரி.

சரி, முடிஞ்சுது கதை. ஐவெட், இப்பவாவது ஜன்னலைத் தொறடி. வெந்து போறேன். இந்த ரேடியேட்டர் வேற காது பக்கத்துலேயே சீறிக்கிட்டு…

"மோஞ்சோ மாமா… அப்பவே சொல்ல வந்தேன், நீங்க விடலை. நான் வால்வை அடைக்கப் போகலை. தொறக்க முடியுமான்னு பார்க்கத்தான் போனேன். பாய்லர் சாயங்காலமே நின்னு போச்சு. ரேடியேட்டர் ஐஸா இருக்கு மாமா. நாங்க யாரும் கோட்டைக் கூடக் கழட்டலை."

போடி… எனக்கே கதை சொல்றியா? பயமுறுத்துறதுக்கும் ஒரு அளவு…

இரு.

நீ பேசுறப்ப… உன் வாயிலேர்ந்து ஏன்டி வெள்ளையாப் புகை வருது?